பேரீச்சைக்காரன்

காலடிப்பேட்டையில் தங்கபுஷ்பத்தின் மாவு மில் இருக்கும் தெருவுக்குள் நுழையும்போதே வறுத்த கேழ்வரகின் வாசனை வரும். குழந்தைகளுக்கான சத்துமாவு என்றால் அந்தப் பக்கம் அவள்தான். கேழ்வரகு, கோதுமை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, முந்திரி, கொஞ்சம் ஏலக்காய். எது எவ்வளவு வறுபட வேண்டும் என்பதை வேலையாட்களிடம் விடமாட்டாள், அடுப்பு முன்னால் தானே நிற்பாள். கணவர் நெஞ்சுவலியில் திடீரென்று போனபோதும் அடக்க ஆராதனை முடிந்த வாரத்திலேயே மில்லைத் திறந்துவிட்டாள். சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள், “கொஞ்ச நாள் கழிச்சுத் தொறந்தா என்னம்மா?” என்று கேட்டார்கள். “பிள்ளைங்களுக்குப் பசிக்கும்லா” என்றாள். அவளுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஊரார் பிள்ளைகளைத்தான் சொன்னாள்.

கணவரின் தம்பி சாலமோன் ராயபுரத்தில் உலர்பழ மொத்த வியாபாரி. துறைமுகத்தில் இறங்கும் பேரீச்சை, திராட்சை, பாதாம் எல்லாம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அவனுடைய பழைய குடோனுக்கு வந்துதான் பேக்கரிகளுக்கும் கடைகளுக்கும் பிரியும். சபையில் முன் வரிசை ஆள். யாருக்குக் கல்யாணம் என்றாலும் பந்திக்குப் பாயசத்து முந்திரி அவனுடையதாக இருக்கும். அண்ணன் இறந்த வருஷம் கோடையில் ஒருநாள் மில்லுக்கு வந்தான்.

“மைனி, குடோன்ல கால் வைக்க இடமில்ல. கொஞ்சம் பேரீச்ச மூட்டைய உங்க பின்கட்டுல போட்டு வச்சிக்கிடட்டுமா? ஒரு மாசத்துல எடுத்துருதேன்.”

“இதெல்லாமா கேப்பிய தம்பி? போடுங்க.”

சொன்னபடி ஒரு மாதத்தில் எடுத்தும் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் மில்லில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன அந்துப்பூச்சிகள் பறக்க ஆரம்பித்தன. தங்கபுஷ்பம் தரையைக் கழுவினாள், சாக்குகளை வெயிலில் போட்டாள், வேப்பிலை செருகினாள். பூச்சி குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் புது வண்ணாரப்பேட்டையில் ஒரு தாய் பாக்கெட்டைப் பிரித்தபோது மாவு கட்டி கட்டியாக நூலில் தொங்கியது. உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. அவள் அதைச் செல்போனில் படமெடுத்தாள். “இத்ததான் எம்புள்ளைக்கு தெனிக்கும் காச்சி ஊத்திகினு இருந்தேன்” என்று அழுதாள். மடியில் குழந்தை. குழந்தையின் கையில் தங்கபுஷ்பத்தின் பெயர் போட்ட பாக்கெட்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் எல்லோருடைய போனிலும் இருந்தது. கடைக்காரர்கள் பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பினார்கள். அதிகாரிகள் வந்து மாவை எடுத்துப் போனார்கள், விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் மில் வாசலில் நின்று பாக்கெட்டைப் பிரித்து உள்ளே வீசிவிட்டுப் போனாள். தங்கபுஷ்பத்தின் தலையெல்லாம் மாவு. துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றிருந்தாள்.

சபையில் பேச்சு வந்தபோது சாலமோன் பெருமூச்சு விட்டான். “அண்ணன் இருந்தவரைக்கும் மில்லு அப்படிச் சுத்தம். மைனி பாவம், ஈரம் தங்குததக் கவனிக்கல. ஒத்தப் பொம்பள, என்ன செய்வாங்க?”

எல்லோரும் நம்பினார்கள். தங்கபுஷ்பமும் நம்பினாள். எங்கே தவறவிட்டேன், எந்த மூட்டையைச் சரியாக வறுக்கவில்லை என்று தன்னையே நோண்டிக்கொண்டிருந்தாள். சில மாதம் கழித்து, ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கும்போது சாலமோன் சத்தமாகச் சொன்னான்: “மைனி எதுக்கு வீட்ல கிடந்து கஷ்டப்படணும்? நம்ம குடோனுக்கு வரட்டும். பொம்பளையாட்கள மேப்பார்வை பாத்துக்கிடட்டும்.” பெண்கள் “நல்ல மனசு” என்றார்கள். தங்கபுஷ்பம் அத்தனை பேருக்கும் முன்னால் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

குடோனில் முந்திரியும் பாதாமும் தரம் பிரிக்கிற பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் செங்கொடி. காசிமேட்டுக்காரி. புருஷன் விசைப்படகில் போகிறவன். வாயும் கையும் ஒரே வேகம். முதல் நாளே, “இன்னாக்கா, மொதலாளி வூட்டு ஆளா? அப்ப எங்களாண்ட வேவு பாக்க வந்துக்கிறியா?” என்று கேட்டாள். தங்கபுஷ்பம் உட்கார்ந்து அவளோடு பாதாம் பொறுக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு செங்கொடி அப்படிக் கேட்கவில்லை.

தங்கபுஷ்பத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. உத்தரத்தில் தொங்கும் பூச்சிப்பொறிகளைப் பார்த்துக்கொள்வது. கூரை வடிவில் மடித்த அட்டை, உள்ளே பசை, நடுவில் ஒரு ரப்பர் துண்டு. பூச்சி மருந்துக் கம்பெனியிலிருந்து மகிழினி என்ற பெண் வந்து மாட்டுவாள். வியாசர்பாடிக்காரி. பூச்சியியல் படித்தவள். கையுறை போட்டுக்கொண்டு ஏணியில் ஏறி நின்றால் கேள்வி கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

“இந்த ரப்பர்ல பொட்டப் பூச்சியோட வாசனை இருக்குக்கா. ஆம்பளப் பூச்சி பொண்ணு இருக்குன்னு நெனச்சு வந்து ஒட்டிக்கும்.”

“எங்கூட்டுக்காரன் மாரியே கீது” என்றாள் செங்கொடி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த சமயம். மகிழினி பசை அட்டையைக் கழற்றி அதில் ஒட்டியிருந்த ஒரே ஒரு பூச்சியைக் காட்டினாள். மங்கிய சாம்பல் நிறம், விரல் நகம் அளவுகூட இல்லை.

“இதோட குடும்பத்துக்கு எஃபெஸ்டியான்னு பேரு. அதுல பல பேர் இருக்காங்க. மாவுக்குன்னு ஒருத்தன், புகையிலை, கோகோவுக்குன்னு ஒருத்தன், இதோ இவன் பாதாம், பேரீச்சைக்கு. நான் பேரீச்சைக்காரன்னுதான் கூப்பிடுவேன். பார்க்க எல்லாம் ஒண்ணுதான். வயித்து நுனிய அறுத்து மைக்ராஸ்கோப்ல வெச்சாத்தான் யாரு எவன்னு உறுதியா சொல்ல முடியும். சில பேர் இவனைக் குடும்பத்துலேர்ந்து பிரிச்சுத் தனிக் குடித்தனமே வெச்சுட்டாங்க, காட்ரான்னு புதுப் பேரு குடுத்து.”

தங்கபுஷ்பம் ஒரு நிமிஷம் அந்தப் பூச்சியைப் பார்த்தாள். “அப்ப என் மில்லுல வந்தது மாவுக்காரனாம்மா?”

“உங்க மில்லு எங்க?”

“காலடிப்பேட்டைல.”

“இருக்காதுக்கா. மாவுக்காரன் குளுரு ஊர்க்காரன். நம்ம வெயில்ல அவனுக்கு முடியாது. இங்க மாவுல வந்தாலும் அது பெரும்பாலும் இவனாத்தான் இருக்கும். பேருதான் பேரீச்சைக்காரன், கேழ்வரகு கெடச்சா ஜோரா வாழ்வான்.” ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டே மகிழினி சாதாரணமாகத் தொடர்ந்தாள். “ரெண்டு வருஷம் முன்னாடி இந்தக் குடோன்ல இவன் பண்ண அட்டகாசம் இருக்கே! ஒரு லோடு பேரீச்சைய அழிச்சிடுங்க சார்னு சாலமோன் சார்கிட்ட நானே சொன்னேன். ஏதோ பழைய மில்லுல போட்டு வெச்சிருக்கேன், பார்த்துக்கறேன்னார். அழிச்சாரா என்னன்னு தெரியல.”

தங்கபுஷ்பம் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகிழினி போன பிறகு பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் முகத்தைக் கழுவினாள். திரும்பத் திரும்பக் கழுவினாள். சாலமோன் தெரிந்தே கொண்டுவந்து போட்டிருக்கிறான். பூச்சி இருக்கிறது என்று தெரிந்து, அவளுடைய மாவுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறான். போகட்டும், வியாபாரி, சரக்கைக் காப்பாற்ற நினைத்தான். ஆனால் அவள் தலையில் மாவு கொட்டிய பிறகும் வாயைத் திறக்கவில்லை. அதுமட்டுமா, ஈரம் என்றான். ஒத்தப் பொம்பள என்றான். அவளைக் கும்பிட வைத்தான்.

அந்தக் கும்பிடுதான் அவளைத் தின்றது. மில் போனதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிட முடிந்தது. இரண்டு கையையும் சேர்த்து அவன் முன்னால் தூக்கியதை வைக்க இடமே கிடைக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கைகள் ஞாபகம் வரும், சோற்றைப் பிசைய முடியாது.

போலீஸ், சபை, உறவுக்காரர்கள் என்று எல்லா வழியையும் யோசித்துப் பார்த்தாள். எங்கே போனாலும் சாலமோன் சிரித்துவிட்டு, “மைனிக்கு மனசு சரியில்ல” என்பான். அவர்களும் நம்புவார்கள். அவளிடம் இருப்பது ஒரு பெண் ஏணியில் நின்று பேசிய பேச்சு மட்டும்தான்.

அந்த வாரம் குடோனைப் பெருக்கும்போது மூலையில் நூலாம்படை கட்டிய சில பேரீச்சம்பழங்கள் கிடந்தன. பிட்டுப் பார்த்தாள். உள்ளே புழு. குப்பையில் போடப் போன கை நின்றது. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மில்லைத் திறந்தாள். பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டியிருந்தது. நீண்ட நாளுக்குப் பிறகு அடுப்பைப் பற்றவைத்துக் கேழ்வரகு வறுத்தாள். கோதுமை, பயறு, பொட்டுக்கடலை, உடைத்த முந்திரி, ஏலக்காய். குழந்தைகளுக்கு அரைத்த அதே பக்குவம், கொஞ்சமும் குறைக்கவில்லை. பின்கட்டில் பிளாஸ்டிக் பேசின்களில் அந்த மாவைக் கொட்டி, பேரீச்சைத் துண்டுகளையும் புழுக்களையும் போட்டு, மெல்லிய துணியால் இழுத்துக் கட்டினாள். “தின்னு” என்றாள். “நல்லாத் தின்னு.”

ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனையில் சாலமோனுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்து அவன் பிடரியைப் பார்ப்பாள். அங்கிருந்து நேராக மில்லுக்கு வருவாள். புழுக்கள் கொழுத்தன. கூடு கட்ட இடுக்கு தேடி அலையும் என்று மகிழினி சொல்லியிருந்ததால் பழைய அட்டைப்பெட்டிகளைக் கிழித்துப் போட்டாள். ஒரு மாதத்துக்குள் துணிக்கு அடியில் சாம்பல் பூச்சிகள் படபடத்தன. வளர்ந்த பூச்சிக்குத் தீனியே தேவையில்லை, முட்டையிடுவது ஒன்றுதான் வேலை என்பதும் மகிழினி சொன்னதுதான். தங்கபுஷ்பத்துக்கு அது பிடித்திருந்தது. அவளும் அப்போது ஒருவேளைதான் சாப்பிட்டாள்.

அக்டோபரில், பண்டிகைச் சரக்கு துறைமுகத்திலிருந்து வந்து இறங்கி குடோன் கூரை வரை நிரம்பிய பிறகு, தூக்குச்சட்டியின் மேல் அடுக்கில் பூச்சிகளைப் போட்டுத் துணி கட்டி மூடினாள். கீழ் அடுக்கில் புளிச்சோறு. ஷேர் ஆட்டோவில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நெருக்கியடித்துப் போகும்போது தூக்குச்சட்டி மடியில் இருந்தது. தகரத்தில் இறக்கை மோதுவது விரல் நுனியில் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள், “இன்னாம்மா கொழம்பு, வாசன தூக்குது?” என்று கேட்டாள். “புளிச்சோறு” என்றாள் தங்கபுஷ்பம். பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

சாப்பாட்டு நேரத்தில், பேரீச்சை அடுக்கின் பின்னால் போய் மூடியைத் திறந்தாள். பூச்சிகள் அவசரப்படாமல் ஒவ்வொன்றாக எழுந்து மூட்டைகளின் இருட்டுக்குள் போயின. திரும்பினால் செங்கொடி நின்றிருந்தாள்.

ஒரு பூச்சி செங்கொடியின் தோளில் உட்கார்ந்தது. அதை அவள் ஊதிவிட்டாள்.

“நான் ஒண்ணியும் பாக்கலக்கா” என்றாள். “போன வருசம் எம்புள்ளைக்குக் காய்ச்சல்னு அர நாள் லீவு கேட்டதுக்கு அந்தாளு பேசுன பேச்சு கீதே... எனக்கு இன்னும் காதுலயே நிக்குது. வா, சோறு துண்ணலாம்.”

அதற்குப் பிறகும் பல முறை தூக்குச்சட்டி வந்தது. பொறிகளிலிருந்த ரப்பர் துண்டுகளைத் தங்கபுஷ்பம் பிடுங்கிப் போட்டாள். செலவு அதிகம் என்று சாலமோனே மகிழினியிடம், எப்போதாவது வந்தால் போதும் என்று சொல்லியிருந்ததால் கேட்க ஆளில்லை.

நவம்பர் நடுவில் ஒரு முந்திரி மூட்டையைப் பிரித்தபோது பருப்புகள் ஒன்றோடொன்று நூலில் கோத்துக்கொண்டு வந்தன. சாலமோன் வந்து பார்த்தான். முகம் வெளிறிப்போனது. அடுத்தடுத்த மூட்டைகளைக் குத்திப் பார்த்தான். பேரீச்சைதான் மோசம். பெரிய பேக்கரிக்காரர்கள் சரக்கைப் பரிசோதிக்க அந்த வாரமே வருகிறார்கள்.

“யாரும் வெளிய மூச்சு விடக் கூடாது” என்றான். பிறகு தங்கபுஷ்பத்தைத் தனியாகக் கூப்பிட்டான். குரல் தேனாக இருந்தது. “மைனி, உங்க மில்லு சும்மாதான கிடக்கு? ஒரு பத்து நாளைக்கி கொஞ்சம் மூட்டைய...”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது. அதே வாய், அதே கேள்வி.

“அங்க இப்ப இடம் இல்ல தம்பி.”

“பூட்டித்தான கிடக்கு?”

“கூரை ஒழுகுது. ஈரம்” என்றாள். அந்தக் கடைசி வார்த்தையை அழுத்திச் சொன்னாள். அவன் கவனிக்கவில்லை.

அவள் போட்டிருந்த கணக்கு எளிமையானது. புழு வைத்த சரக்கு அவன் பெயரில் கடைகளுக்குப் போகும், அவன் பெயர் நாறும். ஆனால் அவன் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வான் என்பதை அவள் யோசித்திருக்கவில்லை. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அது தெரிந்தது. சாலமோன் எழுந்து நின்று, இந்த வருஷம் சபையாருக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கிறிஸ்துமஸ் கேக்குக்கு வேண்டிய பழம், பருப்பு முழுவதும் தன் காணிக்கை என்று அறிவித்தான். கேக்கைச் செய்யப்போவது பெனிஷா. “நம்ம சபைப் பிள்ளை, புதுசாக் கடை வச்சிருக்கா, அவ கடைக்கும் சேத்து நானே சரக்கு இறக்குதேன்.” கை தட்டினார்கள். பெனிஷா கண் கலங்கி எழுந்து நின்று தலை குனிந்து கைகூப்பினாள்.

தங்கபுஷ்பம் அந்தக் கூப்பிய கைகளைப் பார்த்தாள்.

எர்ணாவூரில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து ஒற்றை ஓவனில் கேக் செய்கிற பெண் பெனிஷா. அவள் கேக்கில் புழு வந்தால் யாருடைய பெயர் கெடும்? இந்த முறையும் அவன் பெயருக்கு முன்னால் வேறொருத்தியின் பெயர் வந்து நின்று மறைத்துக்கொள்ளும். “சின்னப் பொண்ணு, ஈரம் தங்குததக் கவனிக்கல” என்பான். தங்கபுஷ்பம் மறுநாளே எர்ணாவூருக்குப் போனதற்கு இரக்கம் காரணம் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் அவளை பஸ் ஏற வைத்தது, அவன் மறுபடியும் தப்பித்துவிடக் கூடாது என்ற வெறிதான்.

மூட்டைகள் அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தன. தங்கபுஷ்பம் ஒரு மூட்டையின் ஓரத்தை மட்டும் நெம்பி உள்ளே காட்டினாள். பெனிஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மாமா பிரியமாக் குடுத்தாங்களே அத்தை...”

“எனக்கும் பிரியமாத்தான் குடுத்தான். அழாத. ஒரு மூட்டையும் பிரிக்காத. அவன் குடோன் சீட்டு, தையல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். வர்ற ஞாயித்துக்கிழமை கேக்குக் கலவை போடும்போது ஒண்ண ஆலயக் கூடத்துக்குக் கொண்டு வா. அவன் கையாலயே பிரிக்கச் சொல்லு.”

மகிழினிக்கும் போன் செய்தாள். “ஞாயித்துக்கிழமை எங்க சபைக்கு வாம்மா. ஒரு பூச்சியப் பாத்துச் சொல்லணும்” என்று மட்டும் சொன்னாள். பேசின்களைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆலயக் கூடத்தில் நீள மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். பெரிய பாத்திரங்கள், கரண்டிகள், புதுச் சேலை கட்டிய பெண்கள். போதகர் ஜெபம் செய்தார். பெனிஷா கத்தரிக்கோலைச் சாலமோனிடம் நீட்டினாள். “உங்க காணிக்கை மாமா, நீங்களே தொடங்கி வைங்க.”

“பிள்ளைங்க யாராவது பிரிக்கட்டுமே” என்றான் சாலமோன்.

“இல்ல சாலமோன், நீங்கதான்” என்றார் போதகர் சிரித்துக்கொண்டே.

தையலை வெட்டினான். முழுக்கப் பிரிக்காமல் ஓரமாகக் கொஞ்சம் அள்ளப் பார்த்தான். பெனிஷா மூட்டையின் அடியைப் பிடித்து ஒரே தூக்காகக் கவிழ்த்தாள். பேரீச்சம்பழங்கள் உதிரவில்லை. நூல் பாயாகச் சேர்ந்து ஒரே கட்டியாக விழுந்தன. அதிலிருந்து பூச்சிகள் எழுந்தன. வெள்ளைத் துணியில் புழுக்கள் நாலா பக்கமும் ஊர்ந்தன. பெண்கள் சேலையை உதறிக்கொண்டு பின்னால் போனார்கள்.

“இது... பெனிஷா, ஈரத்துல வச்சிட்டியாம்மா?” என்றான் சாலமோன்.

தங்கபுஷ்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “என்னையும் இதேதான சொன்னிய தம்பி?”

“மூட்டை திங்கக்கிழமைதானே மாமா வந்துச்சு?” என்றாள் பெனிஷா. மகிழினி குனிந்து ஒரு புழுவை விரலில் எடுத்தாள். “இந்த மூட்டை அங்க போய் ஒரு வாரம்கூட ஆகலையே? முட்டை பொரிஞ்சு புழு இந்த அளவுக்கு வளர, இவ்ளோ நூல் கட்ட, பல வாரம் வேணும் சார். இது உங்க குடோன்லேயே வந்தது.” பிறகு, அவன் முகத்தைப் பார்த்துக் குழம்பியவளாக, “ரெண்டு வருஷம் முன்னாடியும் இதே பூச்சிதானே? அழிச்சிடச் சொன்னேனே. பழைய மில்லுல வெச்சிருக்கேன்னீங்களே?”

“எந்த மில்லு?” என்று கேட்டார் போதகர்.

எல்லோரும் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார்கள். அப்புறம் சாலமோனைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு செல்போன் உயர்ந்தது, பிறகு இன்னொன்று. தங்கபுஷ்பம் மேசை ஓரத்தில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் துடித்தது. கண் அங்குமிங்கும் ஓடியது. அவன் சட்டைக் கையில் ஒரு புழு ஏறியது, அவன் அதைத் தட்டக்கூட இல்லை. எத்தனையோ ஞாயிறுகளாக அவள் அவனுடைய பிடரியை மட்டும்தான் பார்த்திருந்தாள். இப்போது முகத்தை வேண்டிய மட்டும் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் அவன் மில்லுக்கு வந்தான். தனியாக.

“இந்த வருஷம் சரக்கு சுத்தமா வந்துச்சு மைனி. கண்டெய்னரத் தொறக்கும்போது நானே நின்னு பாத்தேன். பூச்சி எங்கருந்து வந்துச்சு?”

தங்கபுஷ்பம் பின்கட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். பேசின்கள், கிழித்த அட்டைகள், சுவரெல்லாம் சாம்பல் பூச்சிகள். சாலமோன் உள்ளே ஓர் அடி வைத்து நின்றான்.

“நீங்களா? மைனி, நீங்களா கொண்டாந்து விட்டிய?”

“நான்தான். உங்க குடோனுக்கு நான் கொண்டாந்தேன். பெனிஷா கடைக்கு யாரு கொண்டு போனா?”

அவன் சட்டையில் வந்து உட்கார்ந்த பூச்சியைத் தட்டிவிட்டான்.

“அழிச்சிருக்கலாம்லா? அந்த மகிழினிப் பிள்ளைய மருந்தடிக்கக் கூப்பிட்டிருக்கலாம்லா? நான் பூச்சியத்தான் விட்டேன். மீதி எல்லாம் நீங்களாச் செஞ்சதுதான் தம்பி.”

“நான் எல்லார்ட்டயும் சொல்லிருவேன்.”

“சொல்லுங்க. முத மூட்டைய இங்க யாரு இறக்குனான்னும் சேத்துச் சொல்லணும். இதுகளுக்குப் பாட்டன் பூட்டன் எல்லாம் உங்க சாக்குலதான் வந்தாங்க.”

அவன் போய்விட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

பெரிய பேக்கரிகள் அவனிடம் வாங்குவதை நிறுத்தின. குடோனில் பாதி மூடிக் கிடந்தது. தரம் பிரிக்கிற பெண்களை வீட்டுக்கு அனுப்பினான். அதில் செங்கொடியும் ஒருத்தி. அவள் நேராகக் காலடிப்பேட்டைக்கு வந்தாள். “உங்க சண்டைல எம்பொழப்பு பூட்ச்சிக்கா. எனக்கு இன்னா வழி சொல்றே?” கோபமாகத்தான் கேட்டாள். பழி வாங்கும்போது தங்கபுஷ்பத்துக்கு இவள் ஞாபகம் ஒருமுறைகூட வந்ததில்லை.

“மில்லத் தொறக்கலாம்னு இருக்கேன். வர்றியா?” என்றாள்.

திறப்பதற்கு முன்னால் பூச்சியை ஒழிக்க வேண்டும். மகிழினியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. பின்கட்டைப் பார்த்ததும் மகிழினிக்கு விளங்கிவிட்டது. வெகு நேரம் பேசினின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் சொல்லிக்குடுத்ததெல்லாம் இதுக்குத்தானா அக்கா?”

மகிழினி கட்டடத்தை மூடி, மருந்து வைத்து, எல்லாவற்றையும் முறையாகச் செய்து முடித்தாள். அதற்கப்புறம் கம்பெனியிலிருந்து வேறு ஆள்தான் வந்தார். அந்தப் பெண்ணை இழந்தது மட்டும் தங்கபுஷ்பத்துக்கு உறுத்தியது. மற்றதெதுவும் உறுத்தவில்லை.

சுவரை உடைத்துப் பூசி, கூரைத் தகரம் மாற்றி, அதிகாரிகள் வந்து பார்த்துச் சரி என்று சொல்லி மில் திறக்க மாசி முடிந்துவிட்டது. பழைய கடைக்காரர்களில் பாதிப் பேர் வந்தார்கள். மாவை வறுக்கும்போது செங்கொடி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாள், ஆனால் கரண்டியைத் தங்கபுஷ்பம் கொடுக்கவில்லை.

தவக்காலத்தில் ஒரு மத்தியானம் போதகர் வந்தார். கூடவே சாலமோன். இளைத்திருந்தான். இருவருக்கும் நாற்காலி போட்டாள், டீ வாங்கி வரச் சொன்னாள்.

“சாலமோன் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்திருக்கார்” என்றார் போதகர்.

சாலமோன் எழுந்து நின்றான். “மைனி, நான் செஞ்சது பெரிய தப்பு. மன்னிச்சிருங்க.” இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான்.

தங்கபுஷ்பம் அவன் கைகளைப் பார்த்தாள். அவசரமில்லாமல் பார்த்தாள். போதகர் நாற்காலியில் நெளிந்தார். வாசலில் செங்கொடி முறத்தைப் புடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

“கேட்டுக்கிட்டேன் தம்பி” என்றாள்.

அவன் இன்னும் நின்றான். மேற்கொண்டு ஏதாவது சொல்வாள் என்று போதகரும் காத்திருந்தார்.

“டீ ஆறுது. குடிச்சிட்டுப் போங்க.”

அவர்கள் போன பிறகு அடுப்படிக்குத் திரும்பினாள். கேழ்வரகு லேசாகத் தீய்ந்துவிட்டிருந்தது. அந்தச் சட்டியை அப்படியே கீழே கொட்டிவிட்டுப் புதிதாக வறுக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து மூன்று வேளையும் சாப்பிட்டாள்.